அப்புவுக்கு ஒத்துவராதவை

எங்கள் அப்புவுக்கு ஒத்துவராத சாப்பாடுகளைச் சொல்லத் தொடங்கினால், உரும்பிராயில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கும் வரைக்கும் சொல்லலாம். பஸ் வழியில் பழுதாகி நின்றாலும் பரவாயில்லை, சொல்வதற்கு மிச்சம் இருக்கும்.

பலாப்பழம் வாய்வு. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சூடு. நண்டு தின்றால் உடம்பெல்லாம் கடிக்கும். இறால் தின்றால் கண் மங்கும். ஒடியற்கூழ் தொண்டையை அறுக்கும். ஆட்டிறைச்சி முழங்காலில் இறங்கும். ஐஸ்கிறீம் பல்லைக் கூசவைக்கும். அவருக்கு இருந்ததே முன்பக்கம் கொஞ்சப் பல்லுத்தான், அவற்றுக்கும் கூச்சம். முட்டைக்குச் சொன்ன காரணம்தான் எல்லாவற்றையும்விட விசேஷம். முட்டை சாப்பிட்டால் கனவு வருமாம்.

"வந்தால் வரட்டுமன் அப்பு, ரிக்கற் இல்லாமல் படம் பாக்கலாம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"வாறதெல்லாம் நல்ல படமே மோனை" என்றார். சொல்லிவிட்டுத் தன் முட்டையை என் சாப்பாட்டுக் கோப்பைக்குள் உருட்டிவிட்டார்.

அப்பு என்றால் அம்மாவைப் பெற்ற தகப்பன். நான் அப்பு என்பேன். அம்மா, மாமா, சின்னம்மா மூவரும் ஐயா என்பார்கள். நான் உரும்பிராய்ச் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று ஆட்களுக்குச் சொல்வேன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, விட்டபிறகு நிம்மதியாகவும் இருந்தது. படிப்பு ஏறாத இடத்தில் எனக்குச் சாப்பாடு ஏறியது. ஓட்டோவின் ஹாண்டிலுக்கும் எனக்கும் நடுவில் இடம் இல்லாமல் ஒரு வயிறு இருக்கிறதே, அதில் பாதி அப்புவுக்குச் சேரவேண்டியது. அவருக்கு ஒத்துவராத எல்லாம் எனக்கு ஒத்துவந்தது.

ஆள் ஒல்லி. சாரத்தை மடித்துக் கட்டினால் சாரம்தான் நிற்கும், உள்ளே ஆள் இருக்கிறதா என்று எட்டிப்பார்க்க வேண்டும். கூலிக்குத் தோட்டத்தில் வெயிலில் குந்தியிருந்து வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குவார். நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். "ஐயா, சாப்பிட வாங்கோ" என்றால் அவருடைய பதில் எப்போதும் தயாராக இருக்கும்: "நீங்கள் சாப்பிடுங்கோ. நான் சாப்பிட்டிட்டன்."

எங்கே சாப்பிட்டார்? யார் கொடுத்தது? கேட்டால், அங்காலை ஒருத்தர் தந்தவர் என்பார். அந்த அங்காலை எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்திருந்தால் நானும் அங்கே ஒருநேரம் போயிருப்பேன்.

உடுவிலில் எங்கள் சொந்தத்துக்குள் ஒரு கலியாணம் நடந்தது. அப்பு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாகப் பரிமாறினார். முதல் பந்தியில், "நீங்களும் இருங்கோவன்" என்று வீட்டுக்காரர் சொன்னபோது, "நான் கடைசிப் பந்தியிலை இருக்கிறன்" என்றார். கடைசிப் பந்தியில் அதே மனுஷன் வந்து கேட்டபோது, "நான் முதல் பந்தியிலையே இருந்திட்டன்" என்றார். இதை நான் எப்படிப் பிடித்தேன் என்றால், நான் இரண்டு பந்தியிலும் இருந்தேன்.

அப்படியென்றால் அவர் சாப்பிடுவதே இல்லையா? சாப்பிடுவார். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி, பாயைப் போட்டுச் சரிந்தபிறகு, குசினிக்குள் ஒரு சத்தம் கேட்கும். சட்டி மூடியை மெதுவாகத் தூக்கி மெதுவாக வைக்கிற சத்தம். பிறகு அடுத்த சட்டி. பிறகு அடுத்தது. என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, இருந்ததைச் சோற்றுச் சட்டியின் அடியில் போட்டுப் பிரட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி சாப்பிடுவார். யாராவது போனால் உடனே மூடியைப் போட்டுவிட்டு, "தண்ணி குடிக்க வந்தனான்" என்பார். கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். களவெடுத்தவனைப் போல முழிப்பார். தன் வீட்டுச் சோற்றைத் தானே களவெடுத்த மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் மெல்லுகிற முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல சதை நண்டு. அம்மா முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தார். அப்பு எங்களுக்கு நடுவில் குந்தியிருந்து, கத்தியின் முதுகுப் பக்கத்தால் கால்களைத் தட்டி உடைத்து, சதையைச் சிதறாமல் எடுத்து ஒவ்வொருவர் கோப்பையிலும் வைத்தார். "இந்தா பிள்ளை, பெரிய கால். இந்தா மோனை, நெஞ்சுப் பக்கம்." அவருடைய கோப்பையில் சோறும் பருப்பும் மட்டும் இருந்தன. அதையும் தொடவில்லை.

நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே அவர் நின்றார். வாளியில் தண்ணீர் இருந்தது. அவர் கையைக் கழுவவில்லை. விரல்களை மூக்கடியில் வைத்து, கண்ணை மூடி, மணந்துகொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவினார். பாவம், நண்டு வெடில் பிடிக்கவில்லை, அதுதான் போய்விட்டதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடும், ராங்க் நிறையப் பெற்றோல் அடித்தாலும்.

சாப்பிட்டிட்டன் என்கிற அந்தப் பழக்கம் எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது. அம்மாவைக் கேட்டால் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலத்தைச் சொல்வார். ஊர் முழுக்க எழும்பி மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நான் கைக்குழந்தை. எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு வயிறு நிறைந்திருந்த ஒரே ஆள் நான்தான், தாய்ப்பால். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சனம் காலோடு கால் முட்டி நின்று நின்று நகர்ந்ததாம். வழியில் யாரோ ஒரு பாண் கொடுத்தார்கள். அப்பு அதைப் பிய்த்துப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். அவருக்கு இல்லை.

"உங்களுக்கு ஐயா?"

"நான் சாப்பிட்டிட்டன்."

அப்போது பெட்டையாக இருந்த சின்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். இவர் எங்களுக்குத் தெரியாமல் எங்கேயோ தனியே சாப்பிட்டிருக்கிறார் என்று அவ்வளவு வழியும் தகப்பனோடு கதைக்காமல் நடந்தார். அதற்குப் பிறகும் கலியாணவீடு, செத்தவீடு, பூப்புனித நீராட்டுவிழா, எதிலும் இந்தக் கதையை எடுப்பார். "மழைக்குள்ளை நாங்கள் பசி கிடக்க, ஐயா மட்டும் வயிறுமுட்டச் சாப்பிட்டவர், தெரியுமே?" எல்லோரும் சிரிப்பார்கள். அப்புவும் சிரிப்பார். "ஓமோம், நல்ல சாப்பாடு" என்பார்.

போன மாரிக்கு அப்பு கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் இழுத்துவிட்டது, வாய் கோணிவிட்டது, கதை நின்றுவிட்டது. என் ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓட்டோவில் ஏறினால் எப்போதும் என் தோளில் தட்டி, "காத்துக்குள்ளை பறக்காதை மோனை" என்று சொல்கிறவர் அன்றைக்குப் பேசாமல் வந்தார்.

வார்டில் தாதிப் பிள்ளை ஒருத்தி வந்தாள். நாங்கள் மிஸ்ஸி என்போம். "ஐயாவுக்கு ஒவ்வாத சாப்பாடு ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குத் தகப்பனைப் பற்றித் திட்டவட்டமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். தொடங்கினார். நண்டு, இறால், மீன்தலை, ஆட்டிறைச்சி, கோழி, கத்தரிக்காய், பலாப்பழம், மாம்பழம், கூழ், பால்தேத்தண்ணி, இனிப்பு. மறந்ததை நான் எடுத்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் ஒரு சோதினையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்து நின்றது அன்றைக்குத்தான்.

மிஸ்ஸி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, அப்ப இவர் என்னத்தைச் சாப்பிட்டு இவ்வளவு காலமும் சீவிச்சவர்?"

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார்.

அப்போது கட்டிலில் கிடந்த அப்பு ஒரு சத்தம் போட்டார். தொண்டைக்குள்ளிருந்து வந்தது. நல்ல கை மெத்தையிலிருந்து மேலே எழும்பி ஆடியது. கண் அம்மாவையே பார்த்தது. அம்மா கிட்டப் போய்க் குனிந்து, "என்ன ஐயா? என்ன?" என்று கேட்டார். அவர் மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, முட்டையை விட்டிட்டன் மிஸ்ஸி. முட்டையும் ஒத்துவராது."

அப்பு கையைக் கீழே போட்டார்.

பிறகு கஞ்சிதான். காலையும் கஞ்சி, மத்தியானமும் கஞ்சி. பக்கத்துக் கட்டிலில் பருத்தித்துறைப் பக்கத்து மனுஷன் ஒருவர். அவருடைய மனுஷி மத்தியானத்தில் மீன் பொரித்துக்கொண்டு வருவார். பாத்திரத்தைத் திறந்தால் வார்டே மணக்கும். அப்புவின் கண் அந்தப் பக்கம் போய் அங்கேயே நிற்கும். அம்மா அந்த மனுஷியிடம் போய் மரியாதையாகச் சொன்னார்: "குறை நினைக்காதேங்கோ அக்கா, கொஞ்சம் அங்காலை திரும்பியிருந்து சாப்பிடக் குடுங்கோ. எங்கடை ஐயாவுக்கு உந்த மணமே பிடிக்காது."

அவர்கள் நல்ல சனம். திரும்பியிருந்தார்கள். நடுவில் இருந்த திரைச்சீலையையும் இழுத்துவிட்டார்கள்.

கஞ்சி வாயோடு அப்பு போய்ச் சேர்ந்தார்.

செத்தவீட்டில் அம்மா பெரிதாக அழவில்லை. அழுகை வந்தது, சுடலையில் சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்த மத்தியானம். எல்லோரும் களைத்துச் சரிந்திருந்தோம். குசினிக்குள் சட்டி மூடி தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக. பிறகு அடுத்தது.

அம்மா எழும்பி உட்கார்ந்தார். சின்னம்மா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பகிடி விடுகிறவன் நான் என்பதால், பேய் பார்க்கப் போகிறதும் நான்தான் என்று எப்படியோ முடிவாகியிருந்தது. போய்ப் பார்த்தேன். மூடிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சட்டிகளுக்குள் ஒன்றுமில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயல்வீட்டுச் சாப்பாடுதான், அதுவும் முடிந்திருந்தது.

"பூனை" என்று வந்து சொன்னேன்.

எங்கள் வீட்டில் பூனை இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. ஆனாலும் பூனை என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். "மிச்சம் ஒண்டும் வைக்கேல்லையே. ஒண்டும் வைக்கேல்லையே" என்றார். அழுது முடிந்ததும், அவருக்குள் அதுவரை கிடந்தது வெளியே வந்தது.

"டேய், அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை ஐயா கையை ஆட்டினது முட்டைக்கில்லையடா."

அன்றிலிருந்து அம்மா மாறிப்போனார். நான் ஓட்டோவை விட்டு இறங்கி, சந்தியில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால், வலக்கையைப் பிடித்து இழுத்து மணந்து பார்ப்பார். கறி மணம் இல்லாவிட்டால் கோப்பையோடு வந்து முன்னால் நிற்பார். நான் விழுங்குகிற வரைக்கும் போகமாட்டார். முப்பது வயதுக்கு மேல் கலியாணம் ஆகாதவனுக்கு வேறு எந்தப் பொம்பிளையும் கையைப் பிடிக்காதபடியால் நானும் பேசாமல் நீட்டினேன்.

எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்கு எட்டாம் நாள் படையல் வைத்து அனுப்புகிற சடங்கு. ஆளுக்குச் சீவியகாலத்தில் என்னென்ன பிடிக்குமோ எல்லாம் சமைத்து இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். பிறகு அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒழுங்கைச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். குடிக்கிறவருக்குச் சாராயம் வைப்பார்கள், சுருட்டுக்காரருக்குச் சுருட்டு. விருப்பப்பட்டதை வைக்காவிட்டால் செத்தவர் வீட்டுப் படலை தாண்டிப் போகமாட்டார், ஆசையோடு அங்கேயே நிற்பார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"என்ன சமைக்கிறது?" என்று அம்மா கேட்டார்.

"இதென்ன கேள்வி பிள்ளை? ஐயாவுக்கு ஆட்டிறைச்சி எண்டால் உயிர்" என்றார் மாமா.

"ஆட்டிறைச்சியோ? அண்ணை, உங்களுக்கு அறளை பேந்திட்டுது. ஐயாவுக்கு ஒடியற்கூழ்தான்" என்றார் சின்னம்மா.

"கோழி றோல்ஸ்" என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பு ஒவ்வொரு சம்பளத்துக்கும் வாங்கிக்கொண்டு வாறவர்" என்றேன்.

"ஆர் திண்டது?" என்று அம்மா கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். தின்றவன் நான்.

"ஆட்டிறைச்சி ஆருக்கு வாங்கினவர்? அண்ணைக்கு. கூழ் ஆருக்கு? இவளுக்கு. உங்களுக்கு விருப்பமானதை எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "ஐயாவுக்கு என்ன விருப்பம்?"

பெற்ற பிள்ளைகள் மூன்று பேர், வளர்ந்த பேரன் ஒருவன், ஒரு மனுஷனுக்கு வாய்க்கு ருசியாக இருந்தது என்ன என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா என்னை விசாரிக்க அனுப்பினார். அப்பு போகிற தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். "வடை வாங்குவார். கடதாசியிலை சுத்தி மடிக்குள்ளை வைச்சுக்கொண்டு போவார். வீட்டிலை உங்களுக்குத்தானே?" என்றார் கடைக்காரர். ஓம், எங்களுக்குத்தான். தோட்டத்தில் கூட வேலை செய்தவரைக் கேட்டேன். "அண்ணை தன்ரை சாப்பாட்டை எனக்குத் தந்திடுவார். வீட்டிலை வடிவாச் சாப்பிட்டனான் எண்டுவார்" என்றார். வீட்டில் எங்களுக்கு, தோட்டத்தில் சாப்பிட்டேன் என்றார். தோட்டத்தில் அவருக்கு, வீட்டில் சாப்பிட்டேன் என்றார். நடுவில் கிடந்த பாதையில் என்ன சாப்பிட்டாரோ, அதை விசாரிக்க ஆள் இல்லை.

அம்மா கடைசியில் எல்லாவற்றையும் சமைத்தார். ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றையும். நண்டு, இறால், ஆட்டிறைச்சி, மீன்தலை, கூழ். முட்டை அவித்தார், பொரித்தார், குழம்பிலும் போட்டார். எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் ஓடிவருகிற எனக்கே அன்றைக்குக் குசினிக்குள் போகப் பயமாக இருந்தது.

பொழுதுபடுகிற நேரம், அப்புவின் படத்துக்கு முன்னால் மாமா தலைவாழை இலை விரித்தார். "சரி, கொண்டுவா. படைச்சுப்போட்டுத்தான் நாங்கள் வாயிலை வைக்கோணும்."

அம்மா குசினி வாசலில் நின்றார். "இல்லை. முதல் நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கோ."

"என்ன?"

"சாப்பிடுங்கோ எண்டுறன். மிச்சம் விடுங்கோ. அதைத்தான் படைக்கிறது."

"உனக்கென்ன விசரே? எச்சிலைப் படைக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்?"

"அண்ணை, ஐயா எப்பவாவது எங்களுக்கு முந்திச் சாப்பிட்டவரோ? சொல்லுங்கோ. இலையிலை முதல் வைச்சால் என்ன செய்வார்? சாப்பிட்டிட்டன் எண்டு எழும்பிப் போயிடுவார்."

மாமா இலைக்கு முன்னாலிருந்து எழும்பினார். சின்னம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்: "அண்டைக்கு மழைக்குள்ளை... சனத்துக்குள்ளை... ஆர் அவருக்குச் சாப்பாடு குடுத்திருப்பினம்?" அவ்வளவு காலமாகச் சொல்லிச் சிரிக்கவைத்த கதையை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். பிறகு எழும்பிப் போய்க் கோப்பையை எடுத்தார்.

சாப்பிட்டோம். அப்படி ஒரு சாப்பாட்டை நான் என் சென்மத்தில் சாப்பிட்டதில்லை. வேண்டுமென்றே மிச்சம் விடுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியுமா? எனக்குப் பழக்கமே இல்லை. நண்டின் பெரிய காலைச் சட்டிக்குள் விட்டுவிட்டு எழும்பினேன்.

அம்மா சட்டி சட்டியாக மூடியைத் தூக்கிப் பார்த்தார். கிடந்ததை எல்லாம் சோற்றுச் சட்டியின் அடியில் போட்டுப் பிரட்டினார். அதை இலையில் வைத்தார். கதவைச் சாத்தினோம். வெளியே நின்றோம். பிறகு மாமா அதில் கொஞ்சத்தை வாழையிலைத் துண்டில் எடுத்து என் கையில் தந்தார். இரண்டு பேருமாகச் சந்திக்குப் போய், வாய்க்கால் மதகின் பக்கத்தில், மதவடியில் வைத்தோம். திரும்பி நடக்கும்போது எனக்குக் கழுத்து அரித்தது. மாமா என் பிடரியில் கையைப் போட்டு அழுத்திக்கொண்டு வந்தார். "நேரை பார்த்து நட மருமோன். திரும்பினியோ, வேட்டி உரியுமட்டும் அடிப்பன்."

படலையில் அம்மா காத்துக்கொண்டு நின்றார். "என்ன, எடுத்தவரோ?"

"திரும்பிப் பாக்கேல்லையம்மா. பாக்கக்கூடாதெல்லோ."

"பாக்காமல் வந்தியோ?" அம்மாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஆஸ்பத்திரியிலையும் பாக்கேல்லை. இப்பவும் பாக்கேல்லை."

பொம்பிளைகள் அந்த நேரத்தில் சந்திக்குப் போவதில்லை. அம்மா போனார். மாமா கூப்பிடக் கூப்பிட, செருப்பும் இல்லாமல் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். ஓட்டம் என்று சொல்லக்கூடாது, உருண்டேன்.

மதவடியில் ஒரு தவிட்டு நிற நாய் இலைக்குள் வாயை வைத்திருந்தது.

அம்மா நின்றுவிட்டார். "பாத்தியோடா" என்றார். "நாய்க்கு விட்டுக்குடுத்திட்டார்."

நான் ஏதாவது பகிடி சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை.

அம்மா கல்லைப் பொறுக்கி எறிந்தார். நாய் ஒழுங்கைப் பக்கம் விலகி ஓடியது. அம்மா வெறும் இருட்டைப் பார்த்துக் கத்தினார்: "ஐயா! ஒருநாளைக்கெண்டாலும் நீங்கள் சாப்பிடுங்கோவன்! நாங்கள் எல்லாரும் சாப்பிட்டிட்டம் ஐயா! எல்லாரும் சாப்பிட்டிட்டம்!"

அந்த வழியாக வந்த ஓட்டோ ஒன்று நின்றது. என் தரிப்பிடத்துப் பெடியன். "என்னக்கா, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லைத் தம்பி. ஐயாவோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார் அம்மா.

அவன் என்னைப் பார்த்தான். மதவடியில் கிடந்த இலையைப் பார்த்தான். அந்த ஓட்டோவுக்கு அவ்வளவு வேகம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நாய் மறுபடியும் கிட்ட வரப் பார்த்தது. அம்மா கையை ஓங்கினார். "அவர் சாப்பிட்டு முடியுமட்டும் நான் இதிலைதான் நிப்பன்" என்றார். சொல்லிவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டவர்போல என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அங்காலை பார். ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டால் ஐயாவாலை சாப்பிட ஏலாது."

இரண்டு பேரும் இலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்து நின்றோம். எங்களுக்கு முன்னால் நாய் குந்தியிருந்தது. காற்று இல்லை. நுளம்பு கடித்தது. இப்படியே யாராவது கண்டால் நாளைக்குச் சந்தியில் எனக்கு ஒரு பட்டம் வைத்துவிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் இலை சரசரத்தது.

இன்னொரு நாயாக இருக்கலாம் என்று நினைத்தேன். முன்னால் இருந்த நாய் எழும்பி நின்றது. குரைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் பின்னுக்குப் பார்த்து, மெல்ல வாலை ஆட்டியது.

எனக்குக் கழுத்துத் தானாகத் திரும்பப் பார்த்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"திரும்பாதை" என்றார். "சாப்பிடட்டும்."